ராஜா பேர் வெச்ச ஊர், சுத்தியும் கரிக்குழி: கிழக்குக் கலிமந்தானின் மூலவர்மன் கிராமம்

கரிக்கணக்கு:
பார்த்த ஊரைப் பத்தி எழுதற இந்த இணையமன்றப் பகுதியில எல்லாரும் கடலோர ஊர், கோயில் ஊர்னு எழுதறீங்க. நான் எழுதப்போறது படம் எடுத்துப் போட ஒண்ணும் இல்லாத ஊர். இந்தோனேசியாவுல, போர்னியோ தீவுல, கிழக்குக் கலிமந்தான் மாகாணத்துல இருக்கு. பேரு மூலவர்மன். அவங்க வாயில முலாவார்மான்.

நான் மாகாணத் தலைநகர் சமாரிந்தாவுல நாலு வருஷம் நிலக்கரி சர்வேயரா இருந்தேன். பார்ஜ்ல, அதாவது தட்டையான சரக்குப் படகுல, எவ்வளவு கரி ஏறியிருக்குன்னு தண்ணி மட்டத்தை வெச்சுக் கணக்குப் போடற வேலை. பக்கவாட்டுல மீட்டர் கோடு வரைஞ்சிருக்கும். காலியா இருக்கும்போது எவ்வளவு முங்கியிருந்தது, ஏத்துன பிறகு எவ்வளவு முங்கிச்சு, அந்த வித்தியாசத்துல எடை வந்துடும். 300 அடி பார்ஜ்ல ஏழாயிரத்து ஐந்நூறு டன் சாதாரணமாப் போகும். மகாகம் ஆத்துல ஒண்ணு பின்னாடி ஒண்ணா இழுபடகு இழுத்துக்கிட்டே இருக்கும். ஆத்து முகத்துக்கு வெளியே மிதக்கும் கிரேன் வெச்சு பெரிய கப்பலுக்கு மாத்துவாங்க. எனக்குத் தெரிஞ்ச கரி அவ்வளவுதான். அது எந்த மண்ணுக்கு அடியிலேருந்து வருதுன்னு ரெண்டு வருஷம் நான் யோசிச்சதே இல்லை.

என் டிரைவரோட மாமனார் ஊர் இந்த மூலவர்மன். சமாரிந்தாவுலேருந்து ஒரு மணி நேரம் போல. தெங்காரோங் செபராங் வட்டம், குத்தாய் கர்த்தனகாரா மாவட்டம். லெபாரான், அதாவது ரம்ஜான் பெருநாளுக்குக் கூட்டிட்டுப் போனான். போனா ஊர் ஜாவாக்காரங்க ஊர். பேச்சு ஜாவா, சாப்பாடு ஜாவா, வயக்காடு ஜாவா. எண்பதுகளோட தொடக்கத்துல அதிபர் சுகார்த்தோ அரசு 'திரான்ஸ்மிக்ராசி'ங்கிற குடியேற்றத் திட்டத்துல கப்பலேத்தி அனுப்பின குடும்பங்கள். ஜாவாவுல ஜனம் நெருக்கம், வெளித்தீவுல இடம் காலி (காலின்னு யாரு சொன்னது, அது வேற கதை). டச்சுக்காரன் 1905-லயே ஆரம்பிச்ச வேலைதான் இது. குடும்பத்துக்கு வீடும் நிலமுமா ரெண்டு ஹெக்டேர் போல கொடுத்து, முதல் விளைச்சல் வரைக்கும் அரிசி, கருவாடு, எண்ணெய்னு படி அளந்தாங்க. காட்டை வெட்டி, வேர் பிடுங்கி, வரப்புப் போட்டு நெல் வயலாக்கினது இவங்க கை.

மாமனார் டீ கொடுத்தார். அங்க கண்ணாடி டம்ளருக்கு மேல பிளாஸ்டிக்குல ஒரு குட்டி மூடி போட்டுத்தான் கொடுப்பாங்க, ஈ விழாம இருக்க. நான் பேச்சு சுவாரஸ்யத்துல பத்து நிமிஷம் தொடவே இல்லை. அப்புறம் மூடியை எடுக்கப் போனா விரல் தடம் அப்படியே பதியுது. கரித்தூசி. "சீக்கிரம் குடிக்கணும் தம்பி, இங்க டீ ஆறாது, கறுத்துடும்"னு சிரிச்சார். மத்தியானம் 12 மணிக்கு ஒரு சைரன், கொஞ்ச நேரத்துல சுரங்க வெடியில தரை ஒரு தடவை தூக்கிப் போட்டுச்சு. சன்னல் கண்ணாடி கடகடன்னு ஆடுது. நான்தான் எழுந்து நின்னேன். அவங்க யாரும் தட்டுலேருந்து தலையைத் தூக்கல.

வீட்டுக் கொல்லைப்பக்கம் போய்ப் பார்த்தேன். வயல், வயல் தாண்டி ஒரு மேடு, மேடு தாண்டி ஒண்ணும் இல்லை. பள்ளம்.

திண்ணைவாசி:
நல்லா எழுதறீங்க, தொடருங்க. ஒரு சந்தேகம். போர்னியோவுல ஜாவாக்காரன் குடியேறின ஊருக்கு 'வர்மன்'னு பேர் எப்படி வந்துச்சு? பல்லவ ராஜா பேர் மாதிரி இருக்கே.

சுவடிப்பூச்சி:
இதற்கு நான் பதில் சொல்கிறேன், இது என் பைத்தியம்.

மூலவர்மன் குத்தாய் நாட்டு மன்னன். அவன் காலம் ஏறத்தாழ கி.பி. 400. இந்தோனேசியாவில் இதுவரை கிடைத்த எழுத்துகளிலேயே பழமையானவை இவனுடைய கல்வெட்டுகள்தாம். மகாகம் ஆற்றங்கரையில், முவாரா காமான் என்ற ஊரில் கிடைத்தவை. 1879-இல் நான்கு, 1940-இல் மூன்று, ஆக ஏழு. அவை யூபங்கள், அதாவது வேள்வித்தூண்கள். கரடுமுரடான கல், மனித உயரம் இருக்கும். இப்போது ஜகார்த்தா தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளன. மொழி சமஸ்கிருதம். எழுத்து நாம் பல்லவ எழுத்து என்று அழைக்கும் தென்னிந்திய வரிவடிவம்.

ஒரு தூண் வமிசம் சொல்கிறது: குண்டுங்கன் மகன் அஸ்வவர்மன், அவன் மகன் மூலவர்மன். மற்றொன்று இருபதாயிரம் பசுக்களை அந்தணர்களுக்குத் தானம் தந்ததைச் சொல்கிறது. இன்னொன்றில் தானப் பட்டியலே இருக்கிறது. அதில் வரும் ஒரு சொல் 'பூமிதானம்'. நிலக்கொடை.

இந்தப் பெயர் அந்த மாகாணத்தில் எங்கும் ஒட்டப்பட்டிருக்கும். சமாரிந்தாவின் அரசுப் பல்கலைக்கழகம் மூலவர்மன், அங்கத்திய ராணுவப் படைப்பிரிவு மூலவர்மன். அதே வழியில் இந்தக் குடியேற்ற ஊருக்கும் வைத்திருப்பார்கள்.

கடல்கடந்தான்:
ஆக 1600 வருஷத்துக்கு முன்னாடியே தமிழன் போய் போர்னியோவை ஆண்டிருக்கான்! இதை எந்தப் பாடப்புத்தகத்துல சொல்றாங்க?

சுவடிப்பூச்சி:
கடல்கடந்தான், கொஞ்சம் கரையிலேயே நில்லுங்கள். தாத்தா பெயரைப் பாருங்கள். குண்டுங்கன் என்பது சமஸ்கிருதமும் இல்லை, தமிழும் இல்லை. உள்ளூர்ப் பெயர். உள்ளூர்த் தலைவர் குடும்பம் ஒன்று, மகன் தலைமுறையில் 'வர்மன்' சேர்த்துக்கொண்டு, வேள்விக்கு அந்தணர்களை வரவழைத்து ராஜ குடும்பமாகிறது என்றுதான் ஆய்வாளர்கள் படிக்கிறார்கள். எழுத்து நம் பக்கத்திலிருந்து போனது. அரியணை போகவில்லை. பெருமைப்பட எழுத்தே போதும் எனக்கு.

ரெண்டுங்கெட்டான்:
ராஜா கதை எல்லாம் இருக்கட்டும். எனக்கு ஒரு நேர்க்கேள்வி. அந்த ஊர்க்காரங்க நிலத்தைக் கம்பெனிக்கு வித்தாங்களா இல்லையா? வித்துட்டு, காசை வாங்கி பைக்கும் வீடும் வாங்கிட்டு, அப்புறம் தூசி பறக்குதுன்னா என்ன அர்த்தம்? யாரும் கழுத்துல கத்தி வெச்சு வாங்கலையே.

கரிக்கணக்கு:
இதே கேள்வியை நான் மாமனார்கிட்டயே கேட்டேன், கொஞ்சம் மரியாதையா. அவர் கோவப்படல. வயலுக்குக் கூட்டிட்டுப் போனார்.

அந்த வட்டாரம் சமவெளி இல்லை, சின்னச் சின்னக் குன்று. ரெண்டு குன்றுக்கு நடுவுல ஓடை. ஓடைத் தண்ணியை மறிச்சு வாய்க்காலாக்கி வயலுக்கு விடுவாங்க, மிச்சத்துக்கு மழை. கம்பெனி முதல்ல வாங்குறது மேட்டுல இருக்கிற நிலத்தை. அங்க இருக்கிறவன் ரப்பரோ பழமரமோ வெச்சிருப்பான், வயல் அளவுக்குப் பாசம் இருக்காது, நல்ல விலைன்னு கொடுத்துடுவான். மேடு போச்சுன்னா ஓடைக்கு ஊத்து போச்சு. தோண்டின மண்ணைக் குவிப்பாங்க இல்லையா? ஒரு டன் கரி எடுக்க அதைப் போலப் பல மடங்கு மண்ணைப் புரட்டணும். அந்தக் குவியல் மழைக்குக் கரைஞ்சு வாய்க்கால்ல இறங்கும். கோடையில தண்ணி இல்லை, மழையில தண்ணியே சேறு. ரெண்டு போகம் இப்படிப் போனா, நடுவுல இருக்கிறவன் விப்பான். அவன் வித்தா அவன் வரப்பு வழியா வந்த வாய்க்கால் அறுந்துடும். அடுத்தவன் விப்பான்.

மாமனாருக்கு மொத்தம் மூணு துண்டு. ரெண்டு வித்தாச்சு, ஒண்ணு இருக்கு. "முதல் துண்டை நான் வித்தேன். ரெண்டாவது துண்டைப் பக்கத்து வயக்காரன் வித்தான்"னார். எனக்கு முதல்ல புரியல. பக்கத்து வயல் போனதும் இவர் வயலுக்குத் தண்ணி இல்லை, அதனால வித்தார். கையெழுத்து இவரோடது, முடிவு இவரோடது இல்லை. அதைத்தான் அப்படிச் சொன்னார்.

கழுத்துல கத்தி இல்லைதான்.

நெல்லுமணி:
ரெண்டுங்கெட்டான் சார், கடைமடைக்காரனுக்கு இது ஒரு வரியில புரியும். தலைமடையில எவனாவது மதகை மூடினா எங்க பயிர் என்ன பாடுபடும்னு எங்களுக்குத் தெரியும். இங்க தலைமடையையே வெட்டி எடுத்துட்டான்.

கரிக்கணக்கு அண்ணே, ஒண்ணு கேக்கணும். அந்த மண்ணு இறங்கின வயல்ல நெல்லு என்ன நிறத்துல இருந்துச்சு? துரு நிறத்துல தண்ணி நிக்குமா?

கரிக்கணக்கு:
நின்னுச்சு. செம்மண் தண்ணின்னு நெனச்சேன். அப்புறம் எங்க ஆய்வகத்துல இருந்த பையன் சொன்னான். கரியோட கூடவே பைரைட்னு கந்தகமும் இரும்பும் சேர்ந்த கனிமம் மண்ணுக்குள்ள இருக்கும். புதைஞ்சு கிடக்கிற வரைக்கும் சாது. தோண்டி மேல போட்டா காத்தும் தண்ணியும் பட்டு கந்தக அமிலம் ஆகும். இரும்பு துருவா இறங்கும். கம்பெனி குட்டை வெட்டி, சுண்ணாம்பு போட்டு, தெளிய வெச்சுத்தான் வெளிய விடணும்னு விதி. பெருமழையில குட்டை எல்லாம் வழிஞ்சு ஓடிடும். அங்க பெருமழைக்கு என்ன குறைச்சல்.

வக்கீல்குமாஸ்தா:
விதின்னு வந்ததால நான் நுழையறேன்.

இந்தோனேசிய அரசமைப்பு 33-ஆம் விதி: பூமியும் நீரும் அவற்றுள் அடங்கிய வளங்களும் அரசின் கட்டுப்பாட்டில், மக்களின் மிகப்பெரும் செழிப்புக்காக. 1960-இன் நிலச் சட்டப்படி விவசாயிக்கு இருக்கிற பட்டா மேல்மண்ணுக்கு. அடியில இருக்கிறது அரசோடது. சுரங்க உரிமம் வாங்கினாலும் மேல்மண் கம்பெனிக்குத் தானா வந்துடாது, பட்டாக்காரனோட பேசித் தீர்க்கணும். காகிதத்துல விவசாயிக்குப் பலம். ஆனா 2009 சுரங்கச் சட்டத்துல 162-ஆம் பிரிவுன்னு ஒண்ணு: உரிமம் உள்ள சுரங்க வேலைக்கு இடைஞ்சல் பண்ணினா ஓராண்டு வரை காவல் அல்லது 10 கோடி ரூபியா வரை அபராதம். (ரூபியாவுல. மயங்கிடாதீங்க.) தன் வயலுக்குப் போற பாதையை மறிச்சு உட்கார்ந்தாலும் இடைஞ்சல்னு சொல்லலாம்.

உரிமம் யார் கொடுக்கிறாங்கங்கிறதும் சுவாரஸ்யம். சுகார்த்தோ காலத்துல ஜகார்த்தா. 2001-லேருந்து அதிகாரப் பரவல், மாவட்டத் தலைவர் 'பூப்பாத்தி' கையில. வெத்தலைபாக்கு மாதிரி உரிமம் போச்சு. 2014 சட்டம் மாகாணத்துக்கு மாத்திச்சு. 2020 திருத்தம் மறுபடி ஜகார்த்தாவுக்கே. ஊர்க்காரன் மனு எழுதினா முகவரி மாத்தி மாத்தி எழுதணும்.

இன்னொரு விதி 2012-ல சுற்றுச்சூழல் அமைச்சகம் போட்டது: குழி விளிம்புக்கும் குடியிருப்புக்கும் குறைஞ்சது 500 மீட்டர்.

கரிக்கணக்கு:
500 மீட்டரா? நான் காலால அளந்து பார்க்கல. ஆனா மாமனார் கொல்லையில நின்னு லாரி ரிவர்ஸ் எடுக்கிற பீப் சத்தத்தை எண்ண முடியும்.

என்எல்சிஅருகில்:
எங்க நெய்வேலியிலயும் இதே கதைதாங்க.

மட்டுறுத்துநர்:
நெய்வேலிக்குத் தனி இழை ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே எழுதவும். இங்கே கலிமந்தான்.

திண்ணைவாசி:
அந்த மாவட்டம் பணக்கார மாவட்டமாச்சே? கரி, எண்ணெய், எரிவாயு எல்லாம் இருக்குன்னு படிச்சிருக்கேன். பணம் எங்க போகுது?

கரிக்கணக்கு:
குத்தாய் கர்த்தனகாரா இந்தோனேசியாவோட பெரிய பணக்கார மாவட்டங்கள்ல ஒண்ணுன்னு பேர். 2022-ல புதுச் சட்டம் வர்ற வரைக்கும், 2004 சட்டப்படி கரி ராயல்டியில 20 சதவீதம் மத்திய அரசு வெச்சுக்கிச்சு. 16 மாகாணத்துக்கு, 32 கரி எடுக்கிற மாவட்டத்துக்கு, மிச்ச 32 மாகாணத்தோட மத்த மாவட்டங்களுக்கு. இந்தப் பட்டியல்ல 'ஊர்'னு ஒரு வரி இல்லை, கவனிச்சீங்களா? பள்ளம் விழறது ஊர்ல.

மாவட்டத்துக்கு வந்த பணம் என்னாச்சுன்னா, பூப்பாத்தியா இருந்த சௌக்கானி ஊழல் வழக்குல ஜெயிலுக்குப் போனார். அப்புறம் அவர் மகள் ரீத்தா விட்யாசாரி பூப்பாத்தி ஆனாங்க. 2018-ல ஊழல் வழக்குல அவங்களுக்குப் பத்து வருஷம். குடும்பத் தொழில்னு ஊர்ல சிரிப்பாங்க. மாவட்டத் தலைநகர் தெங்காரோங்ல மகாகம் குறுக்கே 2001-ல பாலம் கட்டினாங்க. பார்க்க அவ்வளவு அழகு, தொங்கு பாலம். 2011 நவம்பர் 26, சனிக்கிழமை, பராமரிப்பு வேலை நடக்கும்போதே ஆத்துல விழுந்துச்சு. பத்து வருஷம்தான் நின்னிருக்கு. மூலவர்மன் ஊர் இருக்கிறது ஆத்துக்கு இந்தக் கரை, ஆபீஸ் எல்லாம் அந்தக் கரை. 2015 டிசம்பர்ல புதுப் பாலம் திறக்கிற வரைக்கும் ஒரு பட்டா நகல் வாங்கணும்னாலும் பைக்கைப் படகுல ஏத்தித்தான் போகணும். இல்லேன்னா சமாரிந்தா சுத்திப் போகணும்.

ஊருக்குன்னு நேரா வர்றது 'உவாங் டெபு'. தூசிப் பணம். கரி லாரி போற பாதையோர வீடுகளுக்கு மாசாமாசம் கம்பெனி கொடுக்கிறது. தொகை வீட்டுக்கு வீடு வேற, தெருவுக்குத் தெரு வேற. இதுல ஊர் ரெண்டுபட்டதுதான் மிச்சம். கிடைக்கிறவன் கூட்டத்துல வாய் திறக்க மாட்டான், கிடைக்காதவன் அவனோட பேச மாட்டான். மாமனாரும் எதிர்வீட்டுக்காரரும் ஒரே கப்பல்ல வந்தவங்க. இப்ப பேச்சு இல்லை.

தவாவ்காரி:
நான் மலேசியாவோட சபா மாநிலத்துல தவாவ். எல்லை தாண்டினா கலிமந்தான், அதனால அந்தப் பக்கத்துச் செய்தி எங்க பாசார்ல பேச்சா வரும். கரிக்கணக்கு அண்ணன் குழியைப் பத்திச் சொல்லாம விட்டுட்டார். கரி எடுத்து முடிச்ச குழியை மூடணும், மரம் நடணும்னு சட்டம் இருக்கு, அதுக்கு முன்பணமும் கட்டணும். மூடாம விட்டுட்டுப் போயிடறாங்க. மழைத்தண்ணி நிரம்பி ஏரி மாதிரி ஆயிடும். பச்சை கலந்த நீலம், பார்க்க அவ்வளவு அழகா இருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வர்ற பிள்ளைங்க குதிக்கும். கரை சரிவு இல்லை, செங்குத்து. கால் வைக்க இடம் கிடையாது. ஜாதாம் என்ற சுரங்க எதிர்ப்பு அமைப்பு அந்த மாகாணத்துல மட்டும் 1,735 குழின்னு கணக்குச் சொல்லுது. 2011-லேருந்து முங்கிச் செத்தவங்க 40-ஐ நெருங்கினப்பவே அவங்க பட்டியல் வெளியிட்டாங்க, முக்கால்வாசி பிள்ளைங்க. வேலி கிடையாது. சில இடத்துல பலகை மட்டும் இருக்கும், 'ஆபத்து, நீந்தாதே'ன்னு. எட்டு வயசுப் பிள்ளை பலகை படிச்சுட்டா குதிக்கும்?

2018 நவம்பர்ல சாங்கா சாங்காவுல நடந்ததும் ஞாபகம் இருக்கா? சுரங்கத்தை ஒட்டின குடியிருப்புல ரோடோட சேர்ந்து வீடுகள் சரிஞ்சு இறங்கிடுச்சு. அதே மாவட்டம்தான்.

சுவடிப்பூச்சி:
மூலவர்மன் ஊர் இருக்கும் அதே வட்டாரத்தில் பாலிக்காரர்கள் குடியேறிய ஊர் ஒன்று உண்டே, கெர்த்தா புவானா? அந்தப் பெயரிலும் ஒரு புவனம்.

கரிக்கணக்கு:
ஆமா, பக்கம்தான். யாரும் கெர்த்தா புவானான்னு சொல்ல மாட்டாங்க, 'எல் எம்பாட்'னுவாங்க, குடியேற்றத் திட்டத்துல அந்த இடத்துக்கு இருந்த நாலாம் நம்பர். நாப்பது வருஷம் ஆகியும் நம்பர்தான் ஊர் பேர். வீட்டுக்கு வீடு வாசல்ல கல் சன்னிதி, கறுப்பு வெள்ளைக் கட்டத் துணி கட்டியிருக்கும், பூவும் அரிசியும் வெச்ச ஓலைத்தட்டு. நெற்றியில அரிசி ஒட்டிக்கிட்டுப் போற பெண்களைப் பார்த்ததும் எனக்கு ஊர் ஞாபகம் வந்துடுச்சு. அங்கயும் வயல் சுருங்கிக்கிட்டேதான் வருது. பாலிக்காரங்க தண்ணியைப் பங்கு வைக்கிறதுல கெட்டிக்காரங்க, அதுக்குன்னே சுபாக்னு சங்கம் வெச்சிருக்காங்க. ஓடையே போனா சங்கம் எதைப் பங்கு வைக்கும்?

முத்துநகர்வாசி:
தூத்துக்குடி துறைமுகத்துல கன்வேயர் பக்கம் வேலை. இந்தோனேசியக் கரி எங்களுக்குத் தினசரிப் பழக்கம். உள்ளூர்க் கரியைவிட சாம்பல் கம்மி, ஈரம் ஜாஸ்தி. குவிச்சு வெச்சா தானாப் பத்திக்கும், தண்ணி அடிச்சுக்கிட்டே இருக்கணும். 2022 ஜனவரியில அவங்க ஏற்றுமதியை நிறுத்தினப்ப இங்க ஒரு மாசம் எல்லாருக்கும் வயித்துல புளி. அவங்க நாட்டு மின்நிலையத்துக்கே கரி இல்லைன்னாங்க. கரிக்குள்ள உட்கார்ந்திருக்கிறவனுக்குக் கரி இல்லையான்னு நாங்க சிரிச்சோம். இப்ப இதைப் படிச்சதும் ஒரு மாதிரியா இருக்கு. அண்ணே, எங்க கிட்ட வர்றது அந்த ஊர்க் கரியா?

கரிக்கணக்கு:
தம்பி, சொல்ல முடியாது. நாலு குழிக் கரியை ஒரே கப்பல்ல கலப்பாங்க, தரம் சமமா வரணும்னு. காகிதத்துல துறைமுகம் பேர் இருக்கும், ஊர் பேர் இருக்காது. நானே எழுதின காகிதம் எத்தனையோ, 'ஏற்றிய இடம்: சமாரிந்தா' அவ்வளவுதான். சிரிச்சதுக்கு வருத்தப்படாதீங்க. அங்கயும் அதைச் சொல்லித்தான் சிரிச்சாங்க. அப்ப உள்நாட்டு மின்நிலையத்துக்கு டன் 70 டாலர்னு உச்ச விலை, வெளிய அதைப்போல ரெண்டு மடங்குக்கு மேல. எந்த வியாபாரி உள்ள கொடுப்பான்?

ரெண்டுங்கெட்டான்:
முதல்ல நான் கேட்டது கொஞ்சம் துடுக்காப் போச்சு, மன்னிக்கணும். ஆனா ஒண்ணு. ஊரே இப்படின்னா மொத்தமா வேற இடம் கேட்டுப் போயிடலாமே? ஒரு தடவை கப்பலேறி வந்தவங்கதானே.

கரிக்கணக்கு:
கேட்டாங்க. ஊர்த் தலைவர் 'கெப்பாலா டெசா' மூலமா, முழு ஊரையும் இடம் மாத்துங்கன்னு மனு. பேப்பர்ல எல்லாம் வந்துச்சு. ஆனா வீட்டுக்குள்ள பேசினா ஒரே குரல் இல்லை. பிள்ளைங்களுக்குப் போகணும், நல்ல நஷ்டஈடு வந்தா சமாரிந்தாவுல கடை போடலாம். சில பிள்ளைங்க அந்தச் சுரங்கத்துலயே டிரைவர் வேலை. ஜப்பான் டம்பர் லாரி ஓட்டுறவன் சம்பளம் அவங்கப்பா நெல்லுல பார்த்ததே இல்லை. அவங்க சுரங்கம் மூடணும்னு கேப்பாங்களா? கிழவங்களுக்கு வேற கணக்கு. மாமனார் சொன்னது: "ஜாவாவுல நிலம் இல்லாம இங்க வந்தேன். அரசு ஒரு தடவை நிலம் கொடுத்துச்சு. ரெண்டாவது தடவை கொடுக்கும்னு நம்பச் சொல்றியா?" அவர் சம்சாரத்தோட கல்லறை வேற அந்த ஊர்ல. கல்லறை மேடும் உரிம எல்லைக்குள்ளயா வெளியயான்னு அவருக்குத் தெரியல. வரைபடம் காட்டச் சொல்லி ரெண்டு தடவை ஆபீஸ் போயிருக்கார்.

சுவடிப்பூச்சி ஐயா சொன்ன 'பூமிதானம்' அவருக்குத் தெரியும்! பள்ளிக்கூடத்துல ராஜா பாடம் உண்டு, பேரன் ஒப்பிச்சுக் காட்டினான். "ராஜா பிராமணங்களுக்கு மாடும் நிலமும் கொடுத்தார், நமக்குப் பேரை மட்டும் கொடுத்தார்"னு கிழவர் அடிச்சார் பாருங்க ஒரு அடி.

நெல்லுமணி:
அண்ணே, அந்த மூணாவது துண்டு என்னாச்சு? அதைச் சொல்லாம விட்டுட்டீங்க. இன்னும் நடறாரா?

கரிக்கணக்கு:
நான் ஊர் திரும்பி வருஷமாச்சு. நீங்க கேட்டதால நேத்து ராத்திரி டிரைவருக்கு வாட்ஸ்அப் போட்டேன். மாமனாரே போனை வாங்கிப் பேசினார். நட்டிருக்காராம். பக்கத்துல யாரும் இல்லை, ஒத்தை வயல், எலியும் குருவியும் மொத்தமா இவர் வயலுக்குத்தான் வருதாம், முன்னெல்லாம் ஊரே பங்கு போட்டுக்குமாம்.

ஓடைதான் செத்துப் போச்சே, தண்ணிக்கு என்ன பண்றீங்கன்னு கேட்டேன்.

"குழி இருக்கே"ன்னார். விட்டுட்டுப் போன குழியிலேருந்து டீசல் மோட்டார் வெச்சு இறைக்கிறாராம். முதல் வருஷம் நாத்து நுனி கருகிச்சாம். இப்ப வயலுக்குச் சுண்ணாம்பு போட்டுட்டு இறைக்கிறாராம். மோட்டாருக்குக் காசு எங்கேன்னு கேட்டேன். தூசிப் பணம்னார்.

நெல்லுமணி:
என்ன ரகம்னு கேட்டுச் சொல்லுங்க. புளிச்ச மண்ணுக்குச் சில ரகம் தாங்கும்.

கரிக்கணக்கு:
கேட்டு எழுதறேன்.